குறையில் பிறக்கும் கருவி

நுழையும்முன்

நாள்தோறும் கையாளும் வீட்டுக் கருவிகளை நாம் கூர்ந்து நோக்குவதில்லை. அவை பழுதாகும் நாளில்தான் நினைத்துப் பார்க்கிறோம். ஆயினும், இன்று நம் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கருவியும், முன்பு இருந்த ஒன்றின் குறையை யாரோ ஒருவர் எடுத்துச் சொன்னதால் உருவானதே. அந்தக் குறையைச் சொன்னவர் யார், கேட்டவர் யார், கேட்டபின் என்ன செய்தார்கள் என்பவற்றைக் கிரைண்டர் என்னும் எளிய கருவியின் வழியே இப்பாடம் ஆராய்கிறது.

ஒரு வீடு, நான்கு குறைகள்

மணலி புதுநகரில் ஒரு சிறிய வீட்டை எண்ணிப் பார்ப்போம். ஒரு கூடம், ஓர் அறை, ஒடுங்கிய சமையலறை. தந்தை, மணலியின் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் வீடு திரும்பி, அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறார். விடியலில் ஊறவைத்த அரிசியும் உளுந்தும் ஆட்டுவதற்குக் காத்திருக்கின்றன. தாய் கிரைண்டரின் பொத்தானை அழுத்தினால் தந்தையின் உறக்கம் கலையும். அழுத்தாவிட்டால் மாலைக்குள் மாவு புளிக்காது.

அவ்வீட்டில் பாட்டி ஒருவரும் இருக்கிறார். ஓசை அவருக்கு ஒரு பொருட்டன்று. மாவை வழித்தபின் கல்லையும் பாத்திரத்தையும் கழுவத் தூக்குவதே அவருக்குப் பெரும்பாடு. பதினோராம் வகுப்பில் படிக்கும் மகளுக்கோ வேறொரு தொல்லை: மாவு பதமாகிவிட்டதா என்று படிப்பின் நடுவே நான்குமுறை எழுந்து சென்று பார்க்க வேண்டும். தாய்க்கு மற்றொரு கவலை உண்டு. மழைக்காலத்தில் வீட்டுக்குள் நீர் புகுந்தால், தரையில் இருக்கும் கிரைண்டரின் அடிப்பகுதியில் உள்ள மோட்டார்தான் முதலில் நனையும்.

கருவி ஒன்றுதான், குறைகள் நான்கு. நால்வரில் ஒருவரிடம் மட்டும் கேட்டிருந்தால் ஒரு குறையே தெரிந்திருக்கும். கருவியைக் கடையில் பார்ப்பவருக்கு அந்த ஒன்றும் தெரிந்திராது. கருவியைச் செம்மைப்படுத்தும் முயற்சியில் முதற்படி அறிவுக்கூர்மை அன்று. பயன்படுத்துவோர் சொல்வதைச் செவிமடுத்தலே ஆகும்.

இருகைகள் செய்த வேலை

கிரைண்டர் வருமுன் அதன் இடத்தில் ஆட்டுரல் இருந்தது. கருங்கல்லில் குடைந்த குழியும், அதனுள் சுழலும் குழவியுமே அதன் உறுப்புகள். ஆட்டுபவர் ஒரு கையால் குழவியைச் சுழற்றுவார். மறுகையால் விளிம்புக்கு ஏறிவரும் மாவை மீண்டும் குழிக்குள் தள்ளுவார். இடையிடையே நீர் தெளிப்பார். மாவைத் தொட்டுப் பதம் பார்ப்பார். ஒரு குடும்பத்திற்கு வேண்டிய மாவை ஆட்டிமுடிக்க நெடுநேரம் தரையில் அமர்ந்து, தோளும் முதுகும் நோக உழைக்க வேண்டியிருந்தது.

இவ்வுழைப்பைக் கூர்ந்து பார்த்தால் அதில் நான்கு வேலைகள் இருப்பது புலப்படும்: சுழற்றுதல், தள்ளுதல், நீர் சேர்த்தல், பதம் பார்த்தல். ‘ஆட்டுரலில் மாவாட்டுவது கடினம்’ என்று பொதுவாகச் சொன்னால் அது வெறும் குறைகூறலாக நின்றுவிடும். ‘சுழற்றுவதால் தோள் நோகிறது, தள்ளுவதற்கு மறுகை எப்போதும் தேவைப்படுகிறது’ என்று பகுத்துச் சொன்னால், அதிலிருந்தே தீர்வுக்கு வழி பிறக்கும்.

கோவையில் சுழன்ற கல்

இவ்வழி திறந்த இடம் கோயம்புத்தூர். 1930களில் பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் அங்கு வந்தது. பஞ்சாலைகள் பெருகின; அவற்றுக்கு வேண்டிய வார்ப்படச் சாலைகளும் பட்டறைகளும் தோன்றின. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முதல் மின்மோட்டாரை 1937-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு ஆகியோர் அங்கு உருவாக்கினர். மோட்டார் செய்யத் தெரிந்தவர்களும் இரும்பை வார்க்கத் தெரிந்தவர்களும் கூடியிருந்த ஊருக்கு அருகிலேயே, ஊத்துக்குளி வட்டாரத்தில், நல்ல கருங்கல்லும் கிடைத்தது.

இச்சூழலில் 1955-ஆம் ஆண்டில் பி. சபாபதி என்பவர் மின்சாரத்தால் இயங்கும் கிரைண்டரை உருவாக்கினார். கிரைண்டரின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. ஆட்டுரலில் உரல் அசையாது, குழவி சுழலும். கிரைண்டரிலோ பாத்திரம் சுழல்கிறது. குழவி தன் இடத்திலேயே பிடித்து நிறுத்தப்பட்டு, உராய்வினால் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. கையின் வளைந்த அசைவை அப்படியே இயந்திரத்தால் செய்விப்பது கடினம். பாத்திரத்தைச் சுழலச் செய்வது எளிது. ஏற்கெனவே இருந்த இரு கற்களில் அசைவது எது, நிற்பது எது என்பதை இடம்மாற்றி எண்ணிய எண்ணம் இது. மாவைத் தள்ளும் மறுகையின் வேலையை, பாத்திரத்தின் ஓரத்தில் நிலையாகப் பொருத்தப்பட்ட ஒரு தகடு ஏற்றுக்கொண்டது.

நிமிடத்திற்கு ஏறத்தாழ 1400 முறை சுழலும் மோட்டாரின் வேகத்தைக் கப்பியும் பெல்ட்டும் கொண்டு பத்தில் ஒரு பங்களவுக்குக் குறைத்துப் பாத்திரத்தைச் சுழற்றுவர். வேகம் குறைவாக இருப்பதனால் மாவு மிகுதியாகச் சூடேறுவதில்லை. உளுந்து காற்றை உள்வாங்கிப் பொங்கி வருகிறது. இட்லியின் மென்மைக்கு இதுவே அடிப்படை.

தீர்வு ஈன்ற குறைகள்

தோள்வலி தீர்ந்தது. ஆனால், புதியதொரு வலி பிறந்தது. பாத்திரமும் கல்லும் கனமானவை. அரைத்த மாவை எடுக்கக் குனிந்து, ஆழமான பாத்திரத்தினுள் கைவிட்டு வழிக்க வேண்டியிருந்தது. 1963-ஆம் ஆண்டில் ஆர். துரைசாமி என்பவர் சாய்க்கத்தக்க கிரைண்டரை வடிவமைத்தார். பாத்திரத்தைத் தூக்குவதற்கு மாறாக, அது இருந்த இடத்திலேயே சாய்ந்து மாவைக் கொட்டும்படி செய்தார். உணவகங்களில் இன்றும் இவ்வகையைக் காணலாம்.

எனினும் அது தரையில் பேரிடம் கொண்டது. நகரத்து வீடுகள் சுருங்கச் சுருங்க, ஒடுங்கிய சமையலறையில் அதற்கு இடமில்லை என்னும் குறை எழுந்தது. எல். ஜி. வரதராஜ் அறிமுகப்படுத்திய மேசைக் கிரைண்டர் அதற்கு விடையாயிற்று. ஒரு பெரிய குழவியின் வேலையை இரண்டு மூன்று சிறிய கற்கள் பகிர்ந்துகொண்டன. பாத்திரத்தைத் தனியே கழற்றி எடுக்கவும் முடிந்தது.

அச்சிறு கற்களின் வடிவமும் எண்ணிப் பார்க்கத்தக்கது. பல கிரைண்டர்களில் அவை கூம்பு வடிவில் இருக்கும். சுழலும் தட்டில் நடுப்பகுதியைவிட விளிம்பு விரைவாக நகரும். உருளைக் கல் இருமுனையிலும் ஒரே அளவுடையதாதலால் அது ஓரிடத்தில் உருளும், வேறோரிடத்தில் வழுக்கும். கூம்பின் அகன்ற பக்கம் விளிம்பை நோக்கி இருந்தால், விரைவாக நகரும் இடத்தில் பெரிய சுற்றளவும் மெதுவாக நகரும் இடத்தில் சிறிய சுற்றளவும் அமைந்து, கல் சீராக உருள்கிறது.

‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ 2005-06-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. 2011-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசு செயற்படுத்திய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தால், விலைகொடுத்து வாங்க இயலாத இல்லங்களிலும் கிரைண்டர் சுழலத் தொடங்கியது. ஒரு பட்டறையில் எழுந்த எண்ணம் எளியோர் வீட்டை அடைய அரை நூற்றாண்டிற்கும் மேலாயிற்று.

இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகிறது. ஒவ்வொரு தீர்வும் ஒரு குறையை நீக்கி, மற்றொன்றைத் தந்து சென்றது. ஆதலின் ‘இனிச் செய்வதற்கு என்ன இருக்கிறது?’ என்னும் வினாவுக்கு இடமே இல்லை.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்கப் பொறியியலாளரும் உளவியலாளருமான லில்லியன் கில்பிரெத் (1878–1972), வீட்டுச் சாதன நிறுவனம் ஒன்றுக்காகப் பணியாற்றியபோது, அடுப்பும் கழுவு தொட்டியும் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை அறிய நாலாயிரத்திற்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டறிந்தார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் அமைந்த அடுக்குகள் ஆகியவை இவரது சிந்தனையில் தோன்றியவையாகக் கூறப்படுகின்றன.

கூடி எண்ணும் முறை

குறைகள் தெரிந்தபின் தீர்வுகளை எவ்வாறு கண்டறிவது? பலர் ஒன்றுகூடித் தயக்கமின்றி எண்ணங்களைக் கொட்டும் முறை ஒன்று உண்டு. இதனைக் கூட்டுச் சிந்தனை எனலாம். அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பார்ன் என்பவர் இம்முறையை வகுத்தார். 1953-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் வாயிலாக இஃது உலகெங்கும் பரவியது. அவர் கூறிய விதிகள் நான்கு.

முதலாவது, எண்ணங்கள் வெளிவரும்போது எதனையும் நன்று தீது என்று தீர்ப்பளித்தல் கூடாது. இரண்டாவது, விந்தையான எண்ணங்களையும் வரவேற்க வேண்டும். மூன்றாவது, எண்ணிக்கை மிகுதியாக இருக்க வேண்டும். நான்காவது, ஒருவர் சொன்னதோடு மற்றொருவர் சொன்னதை இணைத்து வளர்க்க வேண்டும்.

இவ்விதிகளுள் முதல் விதியே கடைப்பிடிக்க அரிதானது. ‘அதெல்லாம் நடக்காது’ என்னும் ஒரு சொல், சொன்னவரின் வாயை மட்டுமன்று, அருகில் இருக்கும் நால்வரின் வாயையும் அடைத்துவிடும். குறிப்பாக, வழக்கமாகப் பேசாதவர்கள் அன்று முழுவதும் பேசமாட்டார்கள்.

இம்முறைக்கும் ஒரு குறை உண்டு. 1958-ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் டொனால்டு டெய்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். நால்வர் கூடிச் சிந்தித்த குழுக்களைவிட, தனித்தனியே சிந்தித்த நால்வரின் எண்ணங்களைப் பின்னர் ஒன்றுசேர்த்தபோது எண்ணிக்கை மிகுதியாக இருந்தது. குழுவில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க நேர்கிறது. முதலில் சொல்லப்பட்ட கருத்தின் திசையிலேயே அனைவர் மனமும் செல்கிறது. பிறர் நகைப்பார்களோ என்னும் அச்சமும் தடுக்கிறது.

ஆகவே, முதலில் ஒவ்வொருவரும் தனியே தாளில் எழுதுதல், பின்னர் எல்லாவற்றையும் பொதுவில் வைத்துப் பேசுதல் என்னும் இருபடி முறையே நல்லது. எழுதப் பழகாத பாட்டியின் சொல்லைப் பேத்தி எழுதிக்கொள்ளலாம். அவ்வாறு எழுதும்போது, தன் கருத்தைச் சேர்க்காமல் அவர் சொன்னபடியே எழுதுவது கடமையாகும்.

ஏழு வினாக்கள்

மனம் வெற்றிடமாக நிற்கும்போது அதனைத் தூண்டச் சில வினாக்கள் உதவும். ஆஸ்பார்ன் தந்த வினாக்களை 1971-ஆம் ஆண்டில் பாப் எபெர்லே என்னும் கல்வியாளர் ஏழாகத் தொகுத்தார். ‘ஸ்காம்பர்’ என்று வழங்கும் அம்முறையின் வினாக்களை நாம் கிரைண்டரின் வரலாற்றோடு பொருத்திப் பார்க்கலாம்.

வேறொன்றைப் பதிலாக வைக்கலாமா? கைக்குப் பதில் மோட்டார் வந்தது. ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கலாமா? சில கிரைண்டர்களில் தேங்காய் துருவும் உறுப்பும், மாவு பிசையும் உறுப்பும் சேர்ந்தன. பிறிதோரிடத்தில் உள்ளதை இங்கு ஏற்கலாமா? பஞ்சாலைகளின் கப்பியும் பெல்ட்டும் சமையலறைக்கு வந்தன. அளவையோ வடிவையோ மாற்றலாமா? பெருங்கல் சிறுகற்களாயிற்று, உருளை கூம்பாயிற்று. வேறு பயனுக்குக் கொள்ளலாமா? மாவு விற்கும் சிறுதொழிலுக்கு வீட்டுக் கிரைண்டரே முதலாயிற்று. எதையேனும் நீக்கலாமா? மாவைத் தள்ளும் கையின் வேலை நீங்கியது. முறையைத் தலைகீழாக்கலாமா? நின்ற உரல் சுழன்றது. சுழன்ற குழவி நின்றது.

சபாபதியோ துரைசாமியோ இவ்வினாப் பட்டியலைப் படித்துவிட்டுப் பட்டறைக்குச் சென்றவர்கள் அல்லர். ஆனால், அவர்களின் கைகள் கண்ட வழியைப் பிறரும் பின்பற்றப் பட்டியல் உதவுகிறது.

சலித்தெடுத்தல்

மீண்டும் மணலி புதுநகர் வீட்டிற்கு வருவோம். நால்வரும் எழுதிய தாள்களில் இவ்வாறான எண்ணங்கள் இருக்கக்கூடும்: கிரைண்டரின் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு இடுதல், குறித்த நேரத்தில் தானே நிற்கும் அமைப்பு, பாத்திரத்தின் அடியில் கழுவுநீர் வெளியேற ஒரு துளை, உயரமான சக்கரத் தாங்கி, கழற்றி எடுக்கத்தக்க மோட்டார், மாவு பதமானதும் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் கிரைண்டர்.

எண்ணங்கள் தீர்ந்தபின்னரே தீர்ப்புக்கு இடம். அப்போது ஐந்து வினாக்களைக் கேட்க வேண்டும். இது யாருடைய குறையைத் தீர்க்கும்? பாதுகாப்பானதா? செலவு எவ்வளவு? பழுதானால் அக்கம்பக்கத்திலேயே சரிசெய்ய இயலுமா? புதிதாக எந்தக் குறையைக் கொண்டுவரும்?

ரப்பர் விரிப்பு செலவு குறைந்தது. கல்லின் அதிர்வு தரைக்கும் சுவருக்கும் பரவுவதைக் குறைக்கும். தந்தையின் உறக்கத்திற்கு அது முழுத் தீர்வன்று. ஆயினும் இன்றே செய்யத்தக்கது. துளை என்னும் எண்ணம் பாட்டியின் சுமையைக் குறைக்கும். ஆனால் மாவு அதன் இடுக்கில் தங்கிக் கெடும், கசிந்தால் கீழே உள்ள மோட்டாரை அடையும். அப்போது யாரேனும், ‘தூக்காமல் சாய்த்தால் என்ன?’ என்று கேட்கக்கூடும். 1963-ஆம் ஆண்டின் எண்ணம் சிறிய கிரைண்டருக்கும் பொருந்துகிறது. சாய்க்கத்தக்க மேசைக் கிரைண்டர்கள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. பழைய விடை புதிய வினாவுக்கும் பயன்படுவது உண்டு.

கைப்பேசிச் செய்தி விந்தையாகத் தோன்றலாம். மாவு கெட்டிப்படும்போது மோட்டாரின் சுமை கூடும். அது இழுக்கும் மின்னோட்டமும் கூடும். அந்த மாற்றத்தை அளக்க முடியுமானால் பதத்தைத் தொடாமலே அறியலாம். இன்று செலவு மிகுதியெனில், அதே மாற்றத்தை உணர்த்தும் ஒரு சிறு விளக்கு போதும். விந்தையான எண்ணம் சுருங்கி நடைமுறைக்குரியதாக மாறுவது இவ்வாறுதான்.

வெள்ளத்தின் குறை வேறுவகைப்பட்டது. 2021 நவம்பரில் பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரிநீர் கொசஸ்தலை ஆற்றில் பெருகியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மணலி புதுநகர்ப் பகுதியை வெள்ளநீர் சூழ்ந்தது. மேட்டு நிலத்தில் அமர்ந்து கிரைண்டரை வடிவமைப்பவருக்கு, மோட்டார் அடியில் இருப்பது ஒரு குறையாகவே தோன்றாது. கனமான உறுப்பு கீழே இருந்தால் கருவி நிலையாக நிற்கும் என்று அவர் கருதுவார். அதுவும் சரியே. பரண்மேல் ஏற்றிவைக்கலாம் என்பது எளிய தீர்வாகத் தோன்றினும், அவ்வளவு எடையைத் தலைக்குமேல் தூக்குவது இடர்மிக்கது. பூட்டுள்ள சக்கரங்களோடு கூடிய, இடுப்பளவு உயரமுள்ள தாங்கி, வெள்ளத்திற்கும் பாட்டியின் முதுகிற்கும் ஒருங்கே உதவும். இரண்டு குறைகளை ஒரு தீர்வு தொடுமிடம் இது. தனித்தனியே குறைகளைக் கேட்டு ஒன்றாக வைத்ததன் பயனும் இதுவே.

இதனோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீரில் மூழ்கிய மோட்டாரை வெளியே உலர்ந்திருப்பதைக் கண்டு இயக்கலாகாது. மின்பணியாளர் அதனைப் பிரித்து உலர்த்தி, மின்கசிவு இல்லையென உறுதிசெய்த பின்னரே மின்னிணைப்புத் தர வேண்டும். எண்ணம் எவ்வளவு புதியதாயினும் உயிர்ப் பாதுகாப்பில் விட்டுக்கொடுத்தல் இல்லை.

முடிவாக

குறை சொல்வதை நம் வீடுகளில் நன்றியின்மை என்று கருதும் வழக்கம் உண்டு. ‘இந்த அளவுக்காவது இருக்கிறதே’ என்று பொறுத்துக்கொள்வது பெருமையாகவும் பேசப்படுகிறது. அவ்வாறு பொறுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் பெண்களும் முதியோருமே. அவர்கள் சொல்லாத குறை எந்தப் பட்டறைக்கும் சென்று சேராது. அது முதுகுவலியாக உடலிலேயே தங்கிவிடும்.

ஆட்டுரலின் முன் அமர்ந்திருந்தவரின் தோள்வலியை ஒருவர் பொருட்படுத்தியதால் கிரைண்டர் பிறந்தது. இன்று உங்கள் வீட்டில் அக்கருவியைத் தூக்கிக் கழுவுபவர் யார்? அவர் தூக்கும்போது முகம் சுளிக்கும் அந்தக் கணத்தை நீங்கள் பார்த்ததுண்டா? அடுத்த மேம்பாடு அங்கே காத்திருக்கிறது. தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அவரருகில் அமர்ந்து, ‘இதில் உங்களுக்கு எது கடினம்?’ என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டுக் கருவி ஒன்றைத் தேர்ந்து, அதனைப் பயன்படுத்துவோர் மூவரிடம் குறைகளைக் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதுக.

2. அக்குறைகளுக்கான தீர்வுகளை முதலில் தனியாகவும், பின்னர் நால்வர் கொண்ட குழுவாகவும் எழுதி, இரண்டின் எண்ணிக்கையையும் ஒப்பிடுக.

3. ‘ஒவ்வொரு தீர்வும் ஒரு புதிய குறையைத் தந்து செல்கிறது’ – இக்கருத்தைப் பாடத்தில் இல்லாத ஒரு கருவியின் வளர்ச்சியைக் கொண்டு விளக்குக.